தூங்கியவரின் சாட்சி செல்லாது

“ராத்திரி எப்படித் தூங்கினீங்க?” என்று டாக்டர் கேட்கும்போது நாம் சொல்லும் பதில் தப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. தூக்கத்தில் நடப்பதைப் பார்க்க நமக்கு வழியில்லை, அவ்வளவுதான். மூச்சுத் திணறி விடியும்வரை குறட்டை விட்டவர் “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்” என்பார். ஐந்தாறு மணி நேரம் தூங்கியவர் “பொட்டுத் தூக்கம் இல்ல” என்பார். வாரக்கணக்கில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் “எனக்குப் பழகிடுச்சு” என்பார். மூவரும் உண்மை என்று நம்பித்தான் சொல்கிறார்கள். அதை நம்பி எடுக்கும் முடிவுகள்தான் பின்னால் கஷ்டம் கொடுக்கின்றன.

குறட்டையை நல்ல தூக்கம் என்று எண்ணுவது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கோடைப் புழுக்கத்தில் பாதிக் குடும்பம் ஹாலில் ஒரே ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கும், மீதி மொட்டை மாடிக்குப் போய்விடும். இதில் ஒரு வசதி உண்டு. யார் எப்படித் தூங்குகிறார் என்று பார்க்க ஆள் இருக்கும். ஆனால் “சித்தப்பா லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டார்” என்று சிரித்துவிட்டுத் தலையணையோடு இடம் மாறுகிறோமே தவிர, அந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே அடைபட்டுவிடும். மார்பும் வயிறும் மூச்சுக்காக எக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும், பெரிய கனைப்போடு மூச்சு திரும்பும். மறுபடி குறட்டை, மறுபடி அடைப்பு. எழுந்தது அவருக்கு நினைவிலேயே இருக்காது. மூச்சு 10 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால் அதை ஒரு தடையாக எண்ணுவார்கள். மூச்சு வெகுவாகக் குறையும் இடங்களையும் இதோடு சேர்ப்பதுண்டு. மணிக்கு 5 முறை வந்தாலே ஸ்லீப் ஆப்னியா எனும் மூச்சடைப்பு நோய்க் கணக்கில் சேரும், 15 நடுத்தரம், 30 என்றால் கடுமை. கடுமை என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கழுத்து நெரிபடுவது.

இப்படி வருடக்கணக்கில் போனால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிலருக்கு மாத்திரைக்கும் அடங்காது. இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பக்கவாத அபாயம் கூடும். காலையில் தலைவலி, வாய் வறட்சி, ராத்திரி நாலைந்து முறை சிறுநீர், பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை தொங்குவது ஆகியவை இதன் வெளி அடையாளங்கள். சர்க்கரை என்று நினைத்து இந்த நாலைந்து முறையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள் நிறைய. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் வரும் என்பதும் தப்பு. தாடை சிறியதாக உள்ள ஒல்லியானவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். டான்சில் வீங்கிய குழந்தை தினமும் குறட்டை விட்டால் அதுவும் இதே கதைதான். அந்தப் பிள்ளை பகலில் தூங்கி வழியாது, துறுதுறுவென்று படுத்தும். பள்ளிக்கூடத்தில் சேட்டை என்று பெயர் வாங்கும்.

செய்ய வேண்டியது சுலபம். “என்னங்க, நேத்து மூச்சே நின்னு போச்சு” என்று வீட்டுக்காரி சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லி அதை டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி முழுக்க மூச்சையும் ஆக்ஸிஜனையும் பதிவு செய்யும் பரிசோதனைக்கு அனுப்புவார். 1981-ல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, மூக்கின் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைக்கும். முகமூடி போட்டுத் தூங்குவதா என்று முதல் வாரம் எரிச்சல் வரும். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்குக் கைகொடுக்கும்.

கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்பது

முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் சரக்கு விலை குறைவு என்பது கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். “தூக்கத்துக்கு மட்டும்தான் சார்” என்று தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சாராயம் சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், அது உண்மை. ஆனால் இரவின் முதல் பாதியில் கனவு உறக்கத்தை அமுக்கிவிடும். உடம்பு அதைச் செரித்து முடித்த பின், ஒரு மணி இரண்டு மணி வாக்கில், தூக்கம் துண்டு துண்டாகும். படபடப்பு, வியர்வை, சிறுநீர், கெட்ட கனவு எல்லாம் சேர்ந்து வரும். மேலே சொன்ன மூச்சடைப்பு இருப்பவருக்குத் தொண்டை இன்னும் தொளதொளவென்று தளரும். கண் மூடியது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு மணிக்கு விழித்தது இருக்காது. அதனால் மறுநாளும் அதையே மருந்தாகத் தேடுவார். சில வாரத்தில் அதே அளவுக்குத் தூக்கம் வராது. நிறுத்தினால் முன்பு இருந்ததும் போகும். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

“பழகிடுச்சு” என்று சொல்வது

நெய்வேலியில் சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகல் ஓய்வதில்லை. சிப்காட் தொழிற்சாலைகளும் ஆஸ்பத்திரி வார்டுகளும் அப்படித்தான். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் ஊர் அடங்கியபின் கிளம்பி, விடிவதற்குள் கடலில் இருப்பவர்கள் உண்டு. இவர்களிடம் “எட்டு மணி நேரம் தூங்குங்க” என்று சொல்வதில் அர்த்தமில்லை, வேலை அப்படி. ஆனாலும் உடம்பு பழகிக்கொள்ளாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982-ல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி விளக்கினார். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கச் சுமையாக ஏறும், இது ஒன்று. இன்னொன்று மூளைக்குள் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் உடல் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரம் அறியும். நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணி வெயிலில் பைக்கில் வீடு வரும்போது, சுமை “படு” என்கிறது, கடிகாரமோ “விடிந்துவிட்டது” என்கிறது. அதனால்தான் பகல் தூக்கம் அரைகுறையாக முறிகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டு வருவதும், ஜன்னலுக்குத் தடித்த துணி கட்டுவதும், போனை வேறு அறையில் வைப்பதும் வெட்டிப் பந்தா என்று தோன்றலாம். வேலை செய்வது இவைதான். ஷிப்ட் மாற்றி மாற்றி வந்தால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் சுழல்வது உடம்புக்குக் கொஞ்சம் இலகு.

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன் குழுவினர் ஒரு ஆய்வு செய்தார்கள். சிலரைத் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டு, இரண்டு வாரம் கவனித்தார்கள். முடிவில் அவர்களுடைய கவனமும் வேகமும் ஒன்றிரண்டு இரவு சுத்தமாகத் தூங்காதவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தன. கேட்டால் “லேசா அசதி” என்றார்கள். சில நாட்களுக்குப் பிறகு அசதி கூடுவதாகக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. விழிப்போடு இருக்கிறோமா என்று கணிக்கும் மூளையே தூங்கப் பார்க்கிறது, அப்புறம் எப்படி அது தன் கணக்கைச் சரியாகச் சொல்லும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலை 2 முதல் 5 மணிக்குள் சென்னைக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் செருகினால் வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் போகும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் தூக்கத்தை விரட்டாது. ஓரங்கட்டி ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுத்து எழுங்கள். காபி வேலையைத் தொடங்கும்போது நீங்களும் எழுந்திருப்பீர்கள்.

காபியைப் பற்றி இன்னொன்று. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. சுமை குறைவதில்லை, தெரியாமல் போகிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி ஃபில்டர் காபியில் பாதி, ராத்திரி பதினொன்றுக்கும் உள்ளே இருக்கிறது.

தூக்கத்தைத் துரத்திப் பிடிக்கப் பார்ப்பது

நேற்று தூங்கவில்லை என்று இன்று ஒன்பது மணிக்கே படுப்பவர்தான் தூக்கமின்மையை வளர்க்கிறவர். சுமை ஏறவில்லை, கடிகாரமும் தயாரில்லை. புரண்டு புரண்டு மணி பார்த்து, “இப்போ தூங்கினாலும் நாலு மணி நேரம்தான்” என்று கழித்தல் கணக்குப் போடுவார். சில வாரத்தில் கட்டிலைப் பார்த்ததுமே மனசு விழித்துக்கொள்ளப் பழகிவிடும். ஹாலில் டிவி முன்னால் தூங்கி வழிந்தவர் கட்டிலுக்கு வந்ததும் பளிச்சென்று விழிப்பது இதனால்தான்.

வழி தலைகீழானது. நன்றாகக் கண்ணைச் சுழற்றும்வரை படுக்கைக்குப் போகாதீர்கள். சுமார் இருபது நிமிடத்தில் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் எதையாவது செய்யுங்கள். எந்த நேரத்துக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்துப் பிறகு மெல்லக் கூட்டுவதும் இதில் சேரும். வலிப்பு நோய் உள்ளவர்களும் கனரக வண்டி ஓட்டுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. இவையெல்லாம் சேர்ந்த நடத்தைச் சிகிச்சையை, மாத்திரைக்கு முன்பே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது. நம்மூரில் இதற்குப் பொறுமை குறைவு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையில் பாதியை வாங்கிப் போட்டுக்கொள்வது சுலபமாக இருக்கிறது. அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்து. சில வாரங்களிலேயே உடம்பு அதற்கு அடிமைப்படும். திடீரென்று விட்டால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். குடித்துவிட்டுப் போட்டால் மூச்சே அடங்கிவிடலாம்.

புதுச்சேரியில் மதியம் கடையை அடைத்துவிட்டு ஒரு தூக்கம் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்தில் இறங்கி, எழும்போது தலை கனக்கும். ராத்திரித் தூக்கம் வராதவர் மட்டும் அதையும் விட்டுவிட வேண்டும்.

கால் குடைச்சல் என்று தைலம் தேய்ப்பதோடு நிறுத்துவது

மாலையானதும், படுத்ததும் கால் குடைகிறது. நீட்டி மடக்கினாலோ நடந்தாலோ அடங்குகிறது. இந்த வரிசையில் இருந்தால் அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இதற்குப் பெரிய காரணம், கர்ப்பிணிகளுக்கும் வரும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். சோற்றோடு சேர்த்து டீ குடிப்பதை நிறுத்துங்கள், அது இரும்பைச் சேர விடாது.

கனவுக்கும் பேய்க்கும் பயப்படுவது, பயப்பட வேண்டியதை விட்டுவிடுவது

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்லாத பாட்டி இல்லை. பலிப்பது இருக்கட்டும், அந்தக் கனவு மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது? 1953-ல் சிகாகோவில் யூஜின் அசரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மேனும், உறங்குகிறவரின் கண்மணிகள் இமைக்குள் வேகமாக ஓடும் கட்டத்தைப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொன்னார்கள். ரெம் உறக்கம் என்று பெயர் பெற்ற அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். முதல் சுற்றில் சில நிமிடம், விடியும் நேரத்தில் அரை மணிக்கும் மேல். நீளமான கனவு முடியும்போதே கோழி கூவுகிறது, எழுந்துவிடுகிறோம், மறப்பதற்குள் சொல்லிவிடுகிறோம்.

ரெம் உறக்கத்தில் கண்ணும் மூச்சும் தவிர உடம்பின் தசைகளை மூளை கட்டிப்போட்டு வைக்கும். முழிப்பு வந்தும் கட்டு அவிழாமல் சில விநாடி, சில நிமிடம் நின்றால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி, மூலையில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். நம்மூரில் அமுக்குவான் பேய். தூக்கம் கெட்ட நாட்களில், மல்லாந்து படுத்தால், ஷிப்ட் மாறும்போது அதிகம் வரும். விரல் நுனியை அசைக்கப் பாருங்கள், தானாகப் போய்விடும். தலைமாட்டில் துடைப்பம் வைப்பதால் நஷ்டமில்லை. அரிவாளும் கத்தியும் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

2004 சுனாமி பார்த்த குப்பங்களில், அலை துரத்தும் கனவு வருடங்கள் கழிந்தும் சிலரை விடாது. மந்திரித்துக் கயிறு கட்டியும் போகவில்லை என்றால் அது பலவீனம் இல்லை. சிகிச்சை உண்டு. பகலில், கனவின் முடிவை நாமே விரும்பியபடி மாற்றி, தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி அது. மனநல மருத்துவர் உதவியோடு தொடங்குவது நல்லது.

தூக்கத்தில் நடக்கும் குழந்தையை அடித்து எழுப்பாதீர்கள், கையைப் பிடித்துப் படுக்கைக்குக் கூட்டிவந்தால் போதும். மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கட்டும். ஒரே மாதிரி வெட்டி இழுப்பது, நாக்கைக் கடிப்பது இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கனவில் கத்திக்கொண்டே கையை வீசி, காலால் உதைத்து, பக்கத்தில் படுத்தவரை அடிக்கிறார் என்றால் அதை மட்டும் சிரித்துக் கடத்தாதீர்கள். தசைகளைக் கட்டும் ஏற்பாடு தளர்ந்து கனவை அவர் நடித்துக் காட்டுகிறார். 1986-ல் ஷென்க், மஹோவால்ட் ஆகியோர் விவரித்த இந்தக் கோளாறு, பல வருடம் கழித்து வரும் பார்க்கின்சன் நோய்க்கு முன்னறிவிப்பாக இருப்பது உண்டு. சில மன அழுத்த மாத்திரைகளாலும் வரலாம், அதனால் சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டு இரும்பை இன்றைக்கே எடுத்துவிட்டு, கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்க வையுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் தேதி வாங்குங்கள்.