கடைவீட்டு ஹோட்டலில் அறை எடுக்கும்முன்

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் உறவினருக்குத் தேக்கா, சைனாடவுன், கம்போங் கிளாம் பக்கம் பழைய கடைவீட்டு ஹோட்டல் (கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய கட்டடத்தில் நடப்பது) பார்க்கிறீர்களா? முதலில் ஜன்னலைக் கேளுங்கள். கடைவீடு முகப்பில் குறுகல், உள்ளே நீளம். அதனால் நடு அறைகளுக்குக் காற்றுமுற்றம் (கட்டடத்தின் நடுவே மேலே திறந்த முற்றம்) வழியாகத்தான் வெளிச்சம். சிலவற்றில் ஜன்னலே கிடையாது. முன்னறையின் மரச்சட்ட ஜன்னல் கொள்ளை அழகு, ஆனால் தெருச்சத்தம் உள்ளே வரும். தேக்காவில் ஞாயிறு மாலை கூட்டம் அதிகம். தூக்கம் முக்கியமென்றால் பின்னறையே நல்லது.

முதியவர்கள் வந்தால் மின்தூக்கி உண்டா என்று உறுதிசெய்யுங்கள். மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், பெட்டி தூக்குவது சிரமம்.

விலையில் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால் 10% சேவைக் கட்டணம், அதன்மேல் 9% பொருள் சேவை வரி. 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை 239.80 ஆகிவிடும்.