நாள்பட்ட குடல் நோயும் கைக்காசும்: பினாங்குக்காரர்களுக்குச் சில வழிகள்

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரி நோய்களில் செலவு ஒரே பில்லோடு முடியாது. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஸ்கோப் (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது), லீவு போட்ட நாள் என்று மாதாமாதம் கரைந்துகொண்டே இருக்கும், நடுவில் திடீரென்று வார்டில் வேறு படுக்க வைக்கும். என் யோசனை இதுதான்: நோயைக் கண்டுபிடிக்கும் வரை வேண்டுமானால் தனியாரில் செலவழியுங்கள், ஏனென்றால் அரசாங்கத்தில் ஸ்கோப்புக்கு நாள் கிடைக்கத் தாமதமாகலாம். நோயின் பெயர் தெரிந்ததும், காப்புறுதி பலமாக இல்லாவிட்டால், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாறிவிடுங்கள். இது ஆயுசுக்கும் கூடவே வரும் நோய், தனியார் பில்லைச் சேமிப்பை வைத்து எத்தனை வருஷம் தாங்க முடியும்?

மாறுவது பெரிய வித்தை இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய் (குடிமக்களுக்கு 1 வெள்ளி, அதாவது 1 ரிங்கிட்) டாக்டரைப் பார்த்து, பினாங்கு ஆஸ்பத்திரிக்கோ, பிறை பட்டர்வொர்த் பக்கம் இருந்தால் செபராங் ஜெயாவுக்கோ ‘சூராட் ருஜுக்கான்’ (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள். நிபுணர் கிளினிக்கில் அடுத்தடுத்த வருகைக்கு 5 வெள்ளிதான், மருந்தும் அதிலேயே அடக்கம். தனியாரை விட்டு வரும்போது ஸ்கோப் அறிக்கை, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு, ஸ்கேன் சிடி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் அளவு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். சுருக்கமான ஒரு பக்கக் கடிதம் மட்டும் கொடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இங்கே வந்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டிவரும். அப்புறம், முதல் அப்பாயின்மென்ட் வரும்வரை தாங்குகிற அளவு மருந்து கையில் இருக்கட்டும். வயிறு கொஞ்சம் நன்றாயிருக்கிறது, காசு மிச்சம் என்று மாத்திரையை நிறுத்துவதைப் போல் செலவு இழுத்துவிடும் வேலை வேறில்லை.

மெசலசின், அசாத்தியோப்ரின் போன்ற மாத்திரைகளோடு நோய் அடங்கினால் பிழைத்தோம். பயலாஜிக் ஊசி (உயிரணுக்களிலிருந்து தயாரிக்கும் விலை கூடிய மருந்து) என்று டாக்டர் பேச ஆரம்பித்தால் அங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அப்படி ஒரு ஊசியான இன்ஃபிலிக்சிமாப் வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். தொடக்கம், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை. 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பி மூன்று. முதல் வருஷத்தில் 8 தடவை, மொத்தம் 24 குப்பி. எடை 62 என்றால் 310 வரும், அந்தப் பத்துக்காக நான்காவது குப்பியை உடைப்பார்கள். அளவை முழுக் குப்பிக்குச் சரிசெய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பயோசிமிலர் (அதே மருந்துக்கு இணையாக வேறு கம்பெனி தயாரிப்பது) உண்டா என்றும் கேளுங்கள். தனியாரில் ஒன்றிரண்டு தடவை போட்டுப் பார்ப்போம், காசு தீர்ந்தால் நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இடைவெளி விழுந்தால் உடம்பு அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, மறுபடி போடும்போது மருந்து கேட்காமல் போகலாம். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே முழு வருஷத்துக்கும் யார் கட்டுவது என்பது தெளிவாகட்டும்.

அரசாங்கத்தில் இந்த மாதிரி மருந்துகளை நிபுணர்தான் எழுத முடியும், பட்ஜெட்டும் பார்ப்பார்கள். “இல்லை” என்றால் உடனே எழுந்து வந்துவிடாமல், அதே ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப்பணிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்துக்கு சுகாதார அமைச்சின் தாபுங் பந்துவான் பெருபாத்தானுக்கு (மருத்துவ உதவி நிதி) அவர்கள் மூலம்தான் விண்ணப்பம் போகும். சம்பளச் சீட்டு, வீட்டு வருமான விவரம் எல்லாம் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தம்பி அனுப்பும் இருநூறு வெள்ளியையும் சேர்த்து.

மருந்து வாங்குவதற்காக மட்டும் மாதாமாதம் பினாங்கு ஆஸ்பத்திரியில் பார்க்கிங் தேடி அரை நாள் சம்பளத்தை விடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மருந்தகக் கவுண்டரில் ‘எஸ்பியுபி’ (மருந்தை வேறு அரசாங்க மருந்தகத்தில் எடுக்கும் திட்டம்) வேண்டும் என்று சொன்னால், தொடர் மருந்தைப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே எடுக்க ஏற்பாடு செய்வார்கள். தபாலில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் அக்கா தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

காப்புறுதி இருந்தால், பிரீமியம் ஏறிவிட்டது என்று பழைய பாலிசியை விட்டுவிட்டு மலிவான புதியதுக்குத் தாவாதீர்கள். புதிய கம்பெனிக்கு உங்கள் குடல் ‘ஏற்கனவே இருந்த நோய்’. வார்டில் படுக்காமல் டேகேரில் ஏற்றும் ஊசிக்குக் கட்டுவார்களா என்பதை ஏஜெண்டின் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள்.

வருமான வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை. தனக்கோ மனைவி மக்களுக்கோ கடும் நோய் என்றால் 10,000 வெள்ளி வரை கழிவு உண்டு, ஆனால் அந்தப் பட்டியலில் குரோன்ஸ் பெயர் இல்லை. நோயாளி உங்கள் அம்மா அல்லது அப்பாவாக இருந்தால், டாக்டர் சான்றோடு மருத்துவச் செலவுக்கு 8,000 வரை கழிக்கலாம். ரசீதை உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) 2024 மே மாதம் வந்த ஃப்ளெக்ஸிபல் கணக்கிலிருந்து காரணம் சொல்லாமலே எடுக்கலாம், ஆனால் அதைக் கடைசிக் கையிருப்பாக வைத்திருப்பது நல்லது. உடம்பு வேலைக்கே முடியாத நிலைக்குப் போனால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை பென்ஷன் இருக்கிறது. 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவ வாரியம் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

கடைசியாக, சொந்தக்காரர்கள் கொண்டுவரும் ‘குடல் சுத்தம்’ டப்பாக்கள். உண்மையில் ஓசைப்படாமல் காசைத் தின்பது அதுதான். டப்பாவில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள், அதுவும் அசாத்தியோப்ரின் சாப்பிட்டு கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். அத்தை கோபித்துக்கொண்டால், “டாக்டர் திட்டுகிறார் அத்தை” என்று பழியை அவர் மேல் போட்டுவிடுங்கள்.