கால்வாய்க் கரையில் நடக்கப் போகிறீர்களா? டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்காவின் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாயை ஒட்டி, முன்பு கோவேறு கழுதைகள் சரக்குப் படகுகளை இழுத்துச் சென்ற பாதை இன்று நடைபாதையாக இருக்கிறது. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லேண்ட் வரை 184.5 மைல், பெரும்பாலும் சமதளம்தான், மூச்சு வாங்காது.

ஆனால் வழியில் வரும் பா பா (Paw Paw) சுரங்கத்துக்குள் டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள். 1850-ல் திறந்த இந்தச் செங்கல் சுரங்கத்தின் நீளம் 3,118 அடி. உள்ளே கும்மிருட்டு, பாதை குறுகல், தரை மேடுபள்ளம். நெற்றியில் மாட்டும் விளக்கு இன்னும் நல்லது, பாதையோரக் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டையில், படகுகளை இழுத்த கயிறு உரசிய தடங்கள் இன்னும் தெரியும், அவசியம் பாருங்கள்!

அப்புறம், முகாமிடங்களில் உள்ள கைப்பம்புகளைக் குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்போது போனால் குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.