மியாட்டாவில் ஹெட்லைட் எழும்பவில்லையா?

1989 முதல் 1997 வரை வந்த மாஸ்டா மியாட்டா காரில் ஹெட்லைட்டுகள் மூடிக்கிடந்து, போடும்போது மேலே எழும்பும். அதில் ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மேலே வராவிட்டால், உடனே புது மோட்டார் வாங்கக் கிளம்பாதீர்கள். இரண்டு விளக்குக்கும் தனித்தனி மோட்டார். இரண்டுமே அசையவில்லை என்றால் பானெட்டுக்குள் இருக்கும் ரிட்ராக்டர் ஃபியூஸை (விளக்கைத் தூக்கும் மோட்டார்களுக்கான ஃபியூஸ்) முதலில் பாருங்கள். ஒன்று மட்டும்தான் என்றால் அந்த மோட்டாரின் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள். தூக்கும் கம்பியின் மூட்டுகளில் துருவை நீக்கி கிரீஸ் இடுங்கள். பல நேரம் இதுவே போதும்.

இருட்டில் மாட்டிக்கொண்டால்? மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும், கையால் சுற்றினாலே விளக்கு எழும். ஆனால் அதற்கு முன் அந்த ஃபியூஸைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மோட்டார் திடீரென ஓடினால் விரல் நசுங்கிவிடும்.