ஹேவ்லாக்கில் ஜோடியாக டைவ் அடிக்கும் முன் பேசி முடிக்க வேண்டிய ஒரு பேச்சு

கடலுக்கு அடியில் ஒருவர் கட்டைவிரலை மேலே காட்டினால், மற்றவர் அந்த நிமிஷமே கூட மேலே ஏறிவிட வேண்டும். படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் "ஏன்?" என்று கேட்கக் கூடாது. கணவனும் மனைவியுமாக ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

நாங்கள் முதல் தடவை இதைப் பேசாமல்தான் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவள். இவர் கோயம்புத்தூரில் வளர்ந்தவர், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. எனக்காக வந்தார். கிளம்பும்போதே லேசாக மூக்கடைப்பு. நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்து, "சரியாப் போயிரும்ங்க" என்றேன். நேமோ ரீஃப் என்று சொல்லும் இடத்தில் நான்கு மீட்டர் ஆழம்கூட இருக்காது, இவர் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காதைக் காட்டினார். ஏதோ சரியில்லை என்பதற்கான சைகை அது. நான் பக்கத்திலிருந்து "வாங்க, வாங்க" என்று கையசைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறங்கினார். இன்ஸ்ட்ரக்டர் உடனே பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார். மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தம். மீதி நான்கு நாளும் இவர் கரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் இடது காது மந்தமாகவே இருந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்த நிமிஷத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஒரு வருஷம் கழித்து மறுபடியும் போனோம், இந்த முறை இவராகவே கேட்டு. கீழே எழுதுவது இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டது.

முதலில் உடம்பு. டைவ் மையத்தில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு "ஆம்" என்று எழுதினாலும் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அங்கே போய் அலைவதைவிட ஊரிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பயணம் வீணாகிவிடும் என்று பொய்யாக "இல்லை" போட வேண்டாம். புதுமணத் தம்பதிகள் நிறையப் பேர் போகும் இடம் இது. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ டைவ் கிடையாது. சளி பிடித்திருந்தாலும் கிடையாது. மாத்திரை போட்டுச் சமாளிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கடலடியில் இருக்கும்போதே மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டால், ஏறி வரும்போது காதுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

எப்போது போவது? ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். நாங்கள் இரண்டு முறையும் பிப்ரவரியில் போனோம். தேதி குறிக்கும்போது காலண்டரில் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும், நீரோட்டமும் இழுக்கும், தண்ணீரும் கலங்கலாம். அஷ்டமியை ஒட்டி ஓதம் சிறிது, நீரோட்டமும் அடங்கியிருக்கும். நம் வீடுகளில் அஷ்டமி நவமியில் எதையும் தொடங்க மாட்டார்கள். புதிதாக டைவ் அடிப்பவர்களுக்கோ அவைதான் நல்ல நாட்கள். என் மாமியாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் தீவுக்கு 2018-லேயே ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தாயிற்று. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குப் படகு. தனியார் படகுகள் வேகமானவை, அரசுப் படகு மெதுவாகப் போகும். குமட்டல் வரும் ஆளாக இருந்தால் எந்த மாத்திரை, எப்போது போடுவது என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்களைப் பிரிக்கும்போது டைவை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வையுங்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். அது வெளியேறும் முன் விமானம் ஏறினால் மூட்டுகளிலும் ரத்தத்திலும் குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் விட வேண்டும். நாங்கள் முழுசாக ஒரு நாள் விட்டோம். அந்த நாளில் ராதாநகர் கடற்கரை, அப்புறம் போர்ட் பிளேர் திரும்பி 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறை. ஜெயிலைப் பார்த்துவிட்டு வெற்றிமலை முருகன் கோயிலுக்கும் போனோம். அந்த ஊரில் தமிழ் நன்றாகவே காதில் விழும்.

இனி முக்கியமான முடிவு. நீச்சல் தெரியாதவர்களுக்குக்கூட ஒரு நாள் அறிமுக டைவ் உண்டு. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பார். பதிவு செய்யும் முன் விலையைக் கேட்பதைவிட, "ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒருவர் என்றால்தான் சரி என்பது என் கருத்து. ஜோடியாகப் போனாலும் தனித்தனி இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். முதல் டைவில் உங்கள் துணைக்குப் பக்கத்தில் நீங்கள் மிதக்கவும் வேண்டாம். பயப்படுகிறவர் தன் காதையும் மூச்சையும் கவனிக்க வேண்டிய நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு நடந்தது அதுதான். கைகோத்துப் படம் எடுப்பதெல்லாம் இரண்டாவது டைவில் எடுக்கலாம்.

ஐந்தாறு நாள் இருப்பவர்கள் ஓப்பன் வாட்டர் என்னும் ஆரம்ப டைவிங் படிப்பே படித்துவிடலாம். மூன்று நான்கு நாள் ஆகும், முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். பேடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) என்ற டைவிங் அமைப்புகள் தரும் இரண்டு சான்றிதழும் உலகம் முழுக்கச் செல்லும். ஆனால் இதற்கு நீச்சல் வேண்டும். எங்கள் படிப்பில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொன்னார்கள், பத்து நிமிஷம் மிதக்கச் சொன்னார்கள். இவர் கோவையில் நான்கு மாதம் விடியற்காலை நீச்சல் குளத்துக்குப் போய்ப் பழகினார். வாழ்நாளில் நீந்தாத மனிதர் 43 வயதில் 200 மீட்டர் முடித்த காலையில் எனக்குத்தான் கண் கலங்கியது.

உடுப்பில் நம்மவர்களுக்கு மட்டும் வரும் சில பிரச்சினைகள் உண்டு. மீசை முதலாவது. மாஸ்க்கின் ஓரம் மேல் உதட்டுத் தோலில் ஒட்ட வேண்டும், அடர்ந்த மீசை இருந்தால் தண்ணீர் கசியும். முழுக்க எடுக்க வேண்டாம், மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு ஒதுக்கினால் போதும். பெண்களுக்கு மெட்டி. நீந்துவதற்கு மாட்டும் துடுப்பு மாதிரியான ஃபின்ஸ் காலைக் கவ்விப் பிடிக்கும்போது மெட்டி விரலை அழுத்திப் புண்ணாக்கும், கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் உடம்பை ஒட்டிய டைவ் உடுப்பான வெட்சூட்டுக்கு உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன். வளையல், தொங்கட்டான், தளர்ந்த மோதிரம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இப்போது காது. இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஊர்க் கிணற்றில் அடிமண் எடுக்க முங்கும்போது காது விண்ணென்று வலிக்குமே, அதே அழுத்தம்தான் கடலிலும். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அந்த இடத்தைப் புதுக் காற்றால் நிரப்ப வேண்டும். மாஸ்க்குக்கு மேலாகவே மூக்கைப் பிடித்து, மூக்கு வழியே மெதுவாக ஊதுங்கள். காதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இதைத்தான் ஈக்வலைஸ் என்கிறார்கள். வலி வந்த பிறகு ஊதுவது தப்பு, வரும் முன்பே ஊத வேண்டும். இறங்கும் முன் மேலேயே ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவை. முதல் பத்து மீட்டரில்தான் மாற்றம் மிக வேகம். அதனால் தலை மேலே, கால் கீழே இருக்கும்படி கயிற்றைப் பிடித்து இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும். திறக்கவில்லையா? பலமாக ஊதாதீர்கள். ஒரு மீட்டர் மேலே ஏறி, எச்சில் விழுங்கி, மறுபடி முயலுங்கள். அப்படியும் திறக்கவில்லையென்றால் அன்றைக்கு டைவ் இல்லை. இவருக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் கிட்டத்தட்ட அரை நிமிஷம் ஆகும். இரண்டாவது பயணத்தில் நான் கயிற்றில் இவருக்கு ஒரு கை மேலே தொங்கிக்கொண்டு, இவர் இறங்கிய பிறகே இறங்கினேன். தாமதமாகிறவர் வேகம்தான் ஜோடியின் வேகம்.

மாஸ்க்கும் முகத்தை உறிஞ்சும். இறங்கும்போது மூக்கால் கொஞ்சம் காற்றை மாஸ்க்குக்குள் விட்டால் அது தளரும்.

மூச்சு விஷயத்தில் ஒரே விதி, மூச்சை அடக்கவே கூடாது. கிணற்று நீச்சல்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். முங்கினால் மூச்சைப் பிடிப்பது எங்கள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். ஆழத்தில் இழுத்த காற்று, ஏறும்போது நுரையீரலுக்குள் விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியலாம். எண்ணிக்கொண்டு இழுங்கள், இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஏறும்போது நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் போகாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று வருவது நல்ல வழக்கம்.

இறங்கும் முன் ஒருவரை ஒருவர் சோதியுங்கள். மிதக்க உதவும் காற்று ஜாக்கெட்டான பிசிடியில் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா, எடைப்பட்டை எங்கே, எந்தக் கொக்கி எப்படிக் கழலும் என்று பாருங்கள். உங்கள் துணை, வாயில் கவ்வும் ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுக்கும்போது அவருடைய காற்றழுத்த மீட்டரைப் பாருங்கள். முள் ஆடினால் டேங்க் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. டேங்க் சுமார் 200 பார் அழுத்தத்தில் நிரம்பியிருக்கும். 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேற்பரப்புக்கு வந்துவிட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் "நலம்" என்று அர்த்தம். கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தினால் நம் ஊரில் "சூப்பர்", கடலுக்குள் "மேலே போவோம்". புதியவர்கள் சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, ஏன் மேலே தூக்கிப் போகிறார்கள் என்று முழிப்பார்கள்.

இதையெல்லாம் பழகிவிட்டால் கண் திறக்கும். மீன் சந்தையில் ஐஸில் பார்த்த சீலாவைக் கூட்டமாக, வெள்ளி மாதிரி, உயிரோடு பார்ப்பீர்கள். சங்கரா, களவா, பாரை மீன்கள் எல்லாம் வரும். மணலில் திருக்கை புதைந்து கண்ணை மட்டும் காட்டும். எல்லாம் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும், தண்ணீர் அப்படிக் காட்டும். சிவப்பு நிறம்தான் முதலில் மறையும், பவளம் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் ஏமாற வேண்டாம், டார்ச் அடித்தால் நிறம் திரும்பும். ஜானீஸ் கார்ஜ் போன்ற பேர்போன இடங்கள் 18 மீட்டருக்குக் கீழே இருப்பவை, அதற்கு அடுத்த படிப்பு வேண்டும். அவசரப்படாதீர்கள்.

பவளத்தைத் தொடாதீர்கள். 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளத்தின் பெரும்பகுதி வெளுத்துப்போனது. மீண்டு வருவதை நம் ஃபின்ஸ் உதைத்து உடைத்தால் பாவம். செத்த பவளத் துண்டைக்கூட ஊருக்கு எடுத்துவர முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பையைத் திறப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக: மாலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், டைவ் காலையிலேயே முடியும், முந்தின இரவு மது வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கையில் பணம் வைத்திருங்கள்.

இரண்டாவது பயணத்தின் கடைசி டைவ். 14 மீட்டரில், எனக்கு 110 பார் இருக்கும்போது, எதிரே சீலாக் கூட்டம் சுழன்றுகொண்டிருக்கையில் இவர் கட்டைவிரலை நிமிர்த்தினார். நான் திரும்பினேன். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் எதிரெதிரே நின்றோம். படகில் ஏறியதும் துண்டை எடுத்துக் கொடுத்தேன், அன்னாசித் துண்டு சாப்பிட்டோம். ராத்திரி சாப்பிடும்போது இவராகவே சொன்னார்: "காரணம் ஒண்ணுமில்ல. போதும்னு தோணுச்சு." சரி என்றேன்.