பிள்ளையின் மனதில் போதைக்கு என்ன இடம்? கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் தயங்கி நிற்கிற அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இவன் ஏதாவது பழகியிருக்கானா?" அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, அந்தப் பொருளைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்பது.

"நீ குடிக்கிறியா?" என்று நேராகக் கேட்டால், "இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உன் கிளாஸ் பசங்க இதைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?" என்று கேளுங்கள். அடுத்தவனைப் பற்றிச் சொல்லும்போது தன் எண்ணத்தையும் சொல்லிவிடுவான். எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். வண்டியில் போகும்போதோ, துணி மடிக்கும்போதோ பேச்சுக் கொடுங்கள்.

"போதை" என்று மொத்தமாகவும் கேட்காதீர்கள். சிகரெட் என்றாலே முகம் சுளிக்கிற பையன் கூல் லிப்பைத் தப்பாகவே நினைப்பதில்லை. சின்னப் பொட்டலம்; உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. உள்ளே இருப்பதோ புகையிலை. அதன் நிக்கோட்டின் வாய்ச்சவ்வு வழியாகவே ரத்தத்தில் கலக்கிறது.

பீர் அவர்களுக்குச் சரக்குக் கணக்கிலேயே வராது. இதைக் கரும்பலகையில் போட்டே காட்டுவேன். 650 மில்லி பாட்டிலில் 6 சதவீதம் என்றால் ஆல்கஹால் 39 மில்லி. 42.8 சதவீத பிராந்தியில் 90 மில்லி ஊற்றினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வகுப்பு அமைதியாகிவிடும். கஞ்சாவுக்கு, "செடிதானே டீச்சர், இயற்கை" என்பார்கள். புகையிலையும் செடிதான்.

இப்படி ஏதாவது சொன்னால் உடனே பாயாதீர்கள். "அப்படியா, யார் சொன்னா?" என்று கேட்டு முழுதும் சொல்ல விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு உண்மையைச் சொல்லுங்கள், போதும். புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; பதினாறு வயதுக்கு அது ரொம்பத் தூரம். "போட்டா டென்ஷன் குறையுது" என்பானே, அதைப் பிடியுங்கள். நிக்கோட்டின் இறங்க இறங்க எரிச்சல் வருகிறது, படிப்பில் மனம் நிற்பதில்லை. அடுத்ததைப் போட்டதும் அது அடங்குகிறது. அந்த டென்ஷனில் பெரும்பங்கு அதுவே கொண்டுவந்தது என்று புரியவையுங்கள்.

அப்பாவுக்கு சிகரெட் வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து நிறுத்துங்கள். 18 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்பதே குற்றம்.

ஏற்கெனவே பழகிவிட்டான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், உறவுக்காரர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். புகையிலைப் பழக்கத்தை நிறுத்த 1800-11-2356, மது, கஞ்சா, மாத்திரைக்கு 14446. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். அவனிடம் சொல்லிவிட்டே அழையுங்கள். மறைத்துச் செய்தது தெரிந்தால், அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்கமாட்டான்.