விரலால் டிரம்ஸ் வாசிக்கப் பேட் வாங்குகிறீர்களா? முதலில் மெல்லத் தட்டிப் பாருங்கள்

விரலால் தட்டும் ரப்பர் பேட்கள் பதித்த பெட்டிதான் பேட் கன்ட்ரோலர். அதைத் தட்டினால் அதிலிருந்து சத்தம் வராது. இது தெரியாமல் வாங்கி, நேரே ஸ்பீக்கரோடு இணைக்கப் பார்த்துவிட்டு, பழுதான சாமான் என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பருக்கு அடியில் அழுத்தத்தை உணரும் சென்சர் ஒன்று இருக்கும். தட்டியதும் யூ.எஸ்.பி வயர் வழியாகக் கணினிக்கு இரண்டு எண்கள் போகும். எந்தப் பேட் என்பதற்கு ஒரு நோட் எண், எவ்வளவு பலமாகத் தட்டினீர்கள் என்பதற்கு 1 முதல் 127 வரை ஒரு வெலோசிட்டி எண். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (சரசரக்கும் சிறிய டிரம்) சத்தத்தையெல்லாம் தருவது கணினியில் உள்ள மென்பொருள். (கணினி இல்லாமல் தனித்து இயங்கும் எம்.பி.சி போன்ற பெட்டிகள் வேறு வகை, விலையும் வேறு.)

ஆகவே நீங்கள் காசு கொடுப்பது அந்த இரண்டாவது எண்ணுக்குத்தான். மெல்லத் தட்டினால் சிறிய எண், பலமாகத் தட்டினால் பெரிய எண், இடையில் படிப்படியான ஏற்றம். இது சரியாக இருந்தால் மற்றக் குறைகளைச் சமாளிக்கலாம். நிறநிறமான விளக்குகளைப் பற்றிப் பிறகு யோசியுங்கள்.

படி 1: பேட் அமைப்பைத் தெரிவு செய்யுங்கள்

ரொஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்.பி.சி 60இல் நாலுக்கு நாலு என்று 16 பேட்கள் இருந்தன. விரல் டிரம்ஸ் பாடங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்த அமைப்பை வைத்தே சொல்லித்தரப்படுகின்றன. நீங்கள் வாங்கும் முதல் பெட்டியையும் அந்த அமைப்பிலேயே எடுங்கள். அகாய் எம்.பி.டி 218, ப்ரீசோனஸ் ஆட்டம், மஷீன் மிக்ரோ ஆகியவை இந்த வகை. 218இல் பேங்க் பொத்தானால் தொகுதியை மாற்றினால் அதே 16 பேட் 48 பேட்போல வேலை செய்யும். ஆரம்பத்தில் அது தேவைப்படாது.

கோர்க் நானோபேட் 2இலும் 16 பேட்தான், ஆனால் எட்டு எட்டாக இரண்டு வரிசை. பைக்குள் வைத்துக் கொண்டுபோக நல்லது. நாலுக்கு நாலு பாடங்களைப் பார்த்துப் பழகுகிறவருக்குக் கை குழம்பும். 25 கட்டைகளோடு எட்டுப் பேட் உள்ள எம்.பி.கே மினி, மெட்டும் போட நினைப்பவருக்குப் பொருந்தும். வேகமாக வாசிக்கும்போது ஒரே ஹைஹேட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரட்டைத் தட்டுச் சிம்பல்) இரண்டு பேட்டில் வைத்துக்கொண்டால் இரண்டு விரலுக்கும் வசதி. எட்டே பேட் என்றால் அதற்கு இடம் போதாது.

நோவேஷன் லோஞ்ச்பேட் மினியை டிரம்ஸுக்கு வாங்கவே வேண்டாம். 64 பேட் இருந்தும் அது பலத்தை அளப்பதில்லை. எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்தான். அதே நிறுவனத்தின் லோஞ்ச்பேட் எக்ஸ் அளக்கும். இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தெரிவதால் இணையத்தில் வாங்குகிறவர்கள் மாறி எடுத்துவிடுகிறார்கள். எந்த மாதிரியாக இருந்தாலும் விவரக் குறிப்பில் வெலோசிட்டி என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படி 2: கடையில் சோதனை செய்யுங்கள்

ரீப்பர் போன்ற இசை மென்பொருள் போட்ட லெப்டொப்பையும் வயர் உள்ள ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கள். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம். லெப்டொப் இல்லாவிட்டால் அண்ட்ரொய்ட் போனும், யூ.எஸ்.பி சாதனத்தைப் போனோடு இணைக்கும் ஓ.டி.ஜி வயரும் போதும். இந்த எண்களைப் பரிமாறும் முறைக்கு மிடி என்று பெயர்; அண்ட்ரொய்ட் 6இலிருந்து அந்த வசதி உள்ளேயே வருகிறது. வரும் வெலோசிட்டி எண்ணைத் திரையில் காட்டும் மிடி மொனிட்டர் செயலி ஒன்றை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள்.

முதலில் நகம் படாமல், விரல் நுனியால், தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற அளவுக்கு ஒரு தட்டு. எண் 10க்கும் 30க்கும் இடையில் வந்தால் நல்ல பேட். ஒன்றுமே வராமல், கொஞ்சம் அழுத்தியதும் திடீரென்று 60, 70 என்று குதித்தால் அந்தப் பேட்டில் மெல்லிய அடிகளை ஒருநாளும் வாசிக்க முடியாது. அடுத்து முழுப் பலத்தோடு தட்டுங்கள். விரல் நோகாமல் 120ஐத் தாண்ட வேண்டும்.

இனி ஒவ்வொரு பேட்டிலும் நடுவில் ஒன்று, நாலு மூலையில் நாலு என்று ஐந்து தட்டு. மூலையில் சத்தம் குறைவது வழமை. அறவே வராமல் விட்டால்தான் குறை. பிறகு சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒரே பேட்டில் வைத்து மாறி மாறி வேகமாக உருட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எண் பதிவாகிறதா, அல்லது தட்டுகள் விடுபடுகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக ஒரு பேட்டைப் பலமாகக் குத்தும்போது பக்கத்துப் பேட்டின் எண்ணும் தோன்றினால், அந்தப் பெட்டியில் சென்சர் உணர்திறனைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வேறு பெட்டி பாருங்கள்.

பாவித்த பேட் என்றால் இடப்பக்கக் கீழ்மூலையில் தொடங்குங்கள். பல மாதிரிகளில் நோட் 36, அதாவது கிக், அங்கேதான் இருக்கும். முதல் சொந்தக்காரரிடம் அதிகம் அடிபட்டதும் அந்த மூலைதான். அதையும் வலப்பக்க மேல்மூலையையும் ஒரே பலத்தில் தட்டி எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். யூ.எஸ்.பி வாயில் வயரை மெல்ல ஆட்டும்போது இணைப்பு அறுந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நீங்கள் தேடும் மாதிரி கிடைக்காமல் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதானால், பணம் போடும் முன் இதே சோதனையை எண்கள் திரையில் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளக்கு மட்டும் மின்னும் வீடியோவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

படி 3: தாமதத்தைக் குறையுங்கள்

தட்டியதற்கும் சத்தம் காதில் விழுவதற்கும் இடையில் இழுபறி இருந்தால் பேட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கணினியின் அமைப்பில்தான் பிழை. மென்பொருளின் ஓடியோ அமைப்பில் பஃபர் அளவைப் பாருங்கள்: கணினி சத்தத்தை வெளியிடும் முன் சேர்த்துவைக்கும் துண்டின் அளவு அது. 44,100 ஹேர்ட்ஸில் 1024 என்றால் சுமார் 23 மில்லி செக்கன், 512 என்றால் 12, 256 என்றால் 6, 128 என்றால் 3. இவற்றோடு சவுண்ட் கார்டின் சொந்தத் தாமதமும் சேரும். 256இல் தொடங்கி, சத்தம் கரகரக்காத வரைக்கும் 128க்கு இறக்குங்கள். விண்டோஸ் கணினியில் தனிச் சவுண்ட் கார்ட் இல்லாவிட்டால் ஏசியோ4ஓல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அதன் தாமதம் பல வேளைகளில் 100 மில்லி செக்கனைத் தாண்டும். தாளம் பிடிக்கவே முடியாது. கரண்ட் போய் லெப்டொப் பட்டரியில் ஓடத் தொடங்கியதும் சத்தம் வெட்டி வெட்டி வந்தால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்திருக்கும். பவர் அமைப்பை அதிக வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: எந்தச் சத்தம் எந்தப் பேட்டில்

பொது மிடி முறையில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46, கிராஷ் சிம்பல் 49, ரைட் சிம்பல் 51. இசை மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் எம்.டி பவர் டிரம் கிட் என்ற இலவச பிளகின் ஆரம்பத்துக்குத் தாராளம். சத்தம் மாறி வந்தால் பேட்டின் எடிட்டர் மென்பொருளிலோ பிளகினிலோ எண்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதில் கிக், அதற்கு நேர் மேலே ஸ்நேர்: இரண்டும் இடக்கைக்கு. கீழிருந்து இரண்டாம் வரிசையின் மூன்றாவதிலும் நாலாவதிலும் மூடிய ஹைஹேட்: வலக்கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும். அதற்கு மேல் வரிசையில் திறந்த ஹைஹேட், உச்சியில் கிராஷ். மூடிய ஹைஹேட்டைத் தட்டியதும் திறந்ததன் சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரண்டையும் ஒரே சோக் குழுவில் (ஒன்று ஒலித்ததும் மற்றதை நிறுத்தும் அமைப்பு) போடுங்கள்.

எல்லா அடியும் ஒரே சத்தமாக வருகிறதா? எம்.பி.டியில் ஃபுல் லெவல் பொத்தான் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அது எரிந்தால் எந்தத் தட்டும் 127தான். புதியவர்கள் கை தவறி அதை அமுக்கிவிட்டு மணிக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைப்பதுண்டு.

படி 5: முதல் பயிற்சி

பைலாவுக்கும் மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கும் ஓட்டம் 6/8. காதில் ஏற்கெனவே ஏறிய தாளம் என்பதால் இதிலேயே தொடங்கலாம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50இல் வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் மூன்று ஹைஹேட். முதல் அடியில் கிக், இரண்டாவதில் ஸ்நேர். ஹைஹேட்டைச் சுட்டுவிரல், நடுவிரல் என்று மாறி மாறியே வாசியுங்கள். மூன்று மூன்றாகப் போவதால், ஒவ்வொரு மூன்றின் முதல் தட்டான அழுத்த அடி ஒருமுறை சுட்டுவிரலிலும் மறுமுறை நடுவிரலிலும் விழும். நடுவிரல் முறை வரும்போது அடி நலிவதுதான் இங்கே வரும் பிழை. பதிவு செய்து எண்களைப் பாருங்கள்: அழுத்த அடிகள் இரண்டும் 90ஐ ஒட்டியும், மற்றவை 40ஐ ஒட்டியும் வரும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

மத்தளம் வாசித்துப் பழகிய கைக்கு ஒரு திருத்தம் தேவை. விரல்களை விரித்து உள்ளங்கையோடு அறைந்தால் நாலு பேட் ஒன்றாக ஒலிக்கும். மணிக்கட்டை மேசை விளிம்பில் இலேசாக ஊன்றி, விரலை மட்டும் தூக்கித் தட்டுங்கள்.

கூத்து மத்தளத்தின் சத்தத்தையே பேட்டில் கேட்க ஆசையா? அமைதியான அறையில் நாலு வகை அடிகளை மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று 12 துண்டுகளாகப் பதியுங்கள். பதிந்த சத்தத்தைப் பேட்டில் ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் மென்பொருளில், வெலோசிட்டி எண்படி மெல்லியதை 1 முதல் 45, நடுத்தரத்தை 46 முதல் 90, பலத்ததை 91 முதல் 127 என்று பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அடிக்கு முன்னுள்ள வெற்று இடத்தை ஒட்ட வெட்டுங்கள். விட்டால் பஃபரை எவ்வளவு குறைத்தாலும் சத்தம் பிந்தியே வரும்.

பராமரிப்பு

கல்லடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று யூ.எஸ்.பி வாயைத்தான் முதலில் அரிக்கும். வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றி, பேட்டைத் துணியால் மூடி, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு வையுங்கள். மாரி மழைக்காலத்தில் பொட்டலங்களை மாற்றுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ரப்பரைத் தொட வேண்டாம். வழுக்கும், தூசியும் ஒட்டும். துடைக்க ஈரம் பிழிந்த துணி போதும், நீரைத் தெளிக்காதீர்கள். ஒரு பேட் மட்டும் மந்தமானால், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஆணியைக் கழற்றுங்கள். ரப்பருக்கும் சென்சருக்கும் இடையில் சேர்ந்த தூசியை மென்மையான, காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டாலே பல வேளைகளில் அது மீண்டுவிடும்.